தயவுசெய்து தொடவும்

அருங்காட்சியகம் ஒன்று செய்து தரும்படி என்னைக் கேட்டவர் தன் வாழ்நாளில் ஒரு அருங்காட்சியகத்துக்குள்ளும் காலடி வைத்தவரல்ல. அதை அவரே ஒரு தகுதிபோலச் சொன்னார். "பழசெல்லாம் பாக்க எனக்குப் பொறுமை கெடையாதும்மா. ஆனா நம்ம ஏரியாவுக்கு ஒண்ணு வேணும்." கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்தவர். அந்தப் பகுதியில் எந்தச் சபை தொடங்கினாலும் இரண்டாவது கூட்டத்தில் அவர் தலைவராகியிருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

என்னை அவர் கண்டுபிடித்தது ஒரு சேலைக் கடையில். நான் அப்போது தலைநகரின் மறுகோடியில், வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவோரம் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருந்தேன். கண்ணாடி அலுமாரி எங்கே நிற்கவேண்டும், எந்த வெளிச்சத்தில் ஒரு சேலை அதன் விலையைவிட அழகாகத் தெரியும், வாசலில் நிற்கிறவரை எப்படிக் கடையின் பின்சுவர் வரை இழுத்து வருவது, இதெல்லாம் என் தொழில். யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. எங்காவது குண்டு வெடித்தால் சிதறி ஆட்களைக் குத்தாதபடி, பெரிய கண்ணாடிகளுக்கெல்லாம் உட்புறம் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டிக் கொடுப்போம். தலைவர் மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போன கடை நான் செய்தது. பெண்கள் சேலை பார்க்க, அவர் அலுமாரிகளைப் பார்த்திருக்கிறார்.

"சேலையக் காட்டத் தெரிஞ்சவங்களுக்குச் சரித்திரத்தக் காட்டத் தெரியாதா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

என் அக்கா வங்கியில் வேலை செய்தவர். மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. "உனக்கு விசரோ? கொட்டாஞ்சேனைக்குப் போய் வாறதுக்கே நாலு இடத்தில ஐசி அடையாள அட்டை காட்டவேணும். அங்க போய் மியூசியம் கட்டப் போறியோ? சனம் லொட்ஜுக்குள்ள ஒளிச்சிருக்குது. ஆர் வந்து பார்க்கிறது?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்குச் சேலைக் கடைகள் அலுத்துப் போயிருந்தன.

கட்டடம் நல்ல கட்டடம். அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். முன்னொரு காலத்தில் அச்சுக்கூடமாக இருந்த நீளமான மண்டபம். உயரமான கூரை, மரத்தூண்கள், தெருவைப் பார்த்த அகலமான கதவு. உள்ளே ஒரு கை அச்சு இயந்திரமும் தட்டுத்தட்டாக ஈய எழுத்துகளும் அப்படியே கிடந்தன. அதோடு அயலவர்கள் கொடுத்த சாமான்கள்: துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் இரும்புக் கொக்கிகள், தேயிலைப் பெட்டிகள், ஒரு தையல் இயந்திரம், நாடகக்காரர்களின் மரக்கிரீடங்கள், ஏராளமான மங்கிப்போன படங்கள். இவற்றைக் கொண்டு ஏதாவது செய்யலாம் என்று எனக்குப் பட்டது.

தலைவருக்குப் பட்டது வேறு. அவருடைய அப்பாவின் ஆளுயரப் படம், அப்பாவின் சாய்மனைக் கதிரை, அப்பாவின் கைத்தடி, அப்பாவின் மூக்குக் கண்ணாடி, அப்பாவின் பொய்ப்பல். பொய்ப்பல்லைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இது மெயின் அயிட்டம்" என்றார்.

"தலைவர், பல்லு வேண்டாம்" என்றேன்.

"ஏன்? அப்பா இந்தப் பல்லோட கவர்னர் வீட்டு விருந்துல சாப்பிட்டவரு."

பல்லைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று அவரை இணங்க வைக்க மூன்று கூட்டம் பிடித்தது. படத்தை என்னால் தடுக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டு உதவி ஒன்று கிடைத்திருந்தது. உதவியோடு ஒரு ஆலோசகரும் இலவசமாக வந்தார். எங்கட ஆள்தான். சின்ன வயதில் லண்டன் போய், அங்கே அருங்காட்சியகங்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தவர். கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தார். நான் போய்க் கூட்டிவந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். அவர் தன் கடவுச்சீட்டைக் காட்டினார். ஆமிக்காரன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சல்யூட் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்தான். என்னை இறக்கி, எங்கே பிறந்தாய், எங்கே இருக்கிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டு, கைப்பையைக் கொட்டிப் பார்த்து விட்டான். திரும்பி வந்து ஏறியதும் ஆலோசகர் சொன்னார்: "இதெல்லாம் சரியான இன்ரஸ்ரிங் அனுபவம், இல்லையா?"

மண்டபத்தின் நடுவில் நின்று அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "இந்த இடம் மூச்சுவிட வேணும். சுவர் ஒண்டும் நிரந்தரமா இருக்கக்கூடாது. எல்லாம் ஃப்ளெக்சிபிள். எங்கட சனம் வந்து சும்மா பார்த்திட்டுப் போகக்கூடாது. தொடவேணும், திறக்கவேணும், பங்குபற்ற வேணும். இன்ரக்டிவ்."

எங்கட சனம் என்று அவர் சொல்லும்போது, அந்தச் சனத்தைத் தன் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதுபோல இருக்கும்.

தலைவருக்கு இந்த இரண்டு சொற்களும் மிகவும் பிடித்துவிட்டன. தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் "ஃப்ளெக்சிபிளா ஊத்தும்மா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஆலோசகர் போனபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செவுரெல்லாம் தள்ளி வெச்சுட்டா எத்தன பேரு உக்காரலாம்?"

"எதுக்கு?"

"ரிசப்ஷனுக்கும்மா. சனி ஞாயிறுல கலியாண ரிசப்ஷன். மத்த நாள்ல சரித்திரம். அதானே ஃப்ளெக்சிபிள்?"

ஆலோசகர் மனதில் ஒரு மண்டபம் இருந்தது, தலைவர் மனதில் வேறொரு மண்டபம். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். செய்யவேண்டியது நான்.

செய்தேன். நன்றாகவே செய்தேன். மொறட்டுவையிலிருந்து ஒரு தச்சு பாஸ், கைதேர்ந்த மேஸ்திரி, வந்தார். அவரோடு சேர்ந்து சில்லு வைத்த சுவர்கள் செய்தோம். மரச்சட்டத்தில் சாக்குத்துணி இழுத்துக் கட்டிய, ஒரு ஆள் தனியாகத் தள்ளக்கூடிய சுவர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சில்லைப் பூட்ட ஒரு மரக்கட்டை. சுவரின் ஒரு பக்கம் படங்கள், மறுபக்கம் லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியையும் இழுத்தால் உள்ளே ஒன்று இருக்கும்: கொக்கி, கிரீடத்தின் கண்ணாடிக்கல், தேயிலைத் தூளின் மணம். கூரையில் கப்பி பூட்டி, கயிற்றை இழுத்தால் தேயிலைப் பெட்டி மேலே போகும்படி செய்தோம். அச்சு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, வருகிறவர் ஈய எழுத்துகளைப் பொறுக்கித் தன் பெயரைக் கோர்த்துத் தாளில் அடித்துக்கொண்டு போகலாம் என்று ஒழுங்கு பண்ணினேன். இடையிடையே உட்கார மர வாங்குகள். வாசலில் ஒரு பலகை: தயவுசெய்து தொடவும்.

அந்தப் பலகையை எழுதி மாட்டியபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

திறப்பு விழாவுக்கு முன், ஒத்திகைபோல, அயலவர்களை ஒரு பின்னேரம் கூப்பிட்டோம். வந்தார்கள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, ஒழுங்காக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். ஒருவரும் ஒரு லாச்சியையும் திறக்கவில்லை.

ஒரு தம்பதி லாச்சிச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார்கள். மனைவி கை நீட்டினார். கணவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"திறவுங்கோ, திறக்கத்தான் வைச்சிருக்கு" என்றேன்.

"இல்ல மிஸ், பரவாயில்ல" என்றார் அவர். "உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் பஸ்ஸில் ஏறினால் ஒட்டியிருக்கும், ரயிலில் ஏறினால் ஒலிபெருக்கி சொல்லும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்கள்: தெரியாத பொதியைத் தொடாதே, மூடியிருக்கும் பெட்டியைத் திறக்காதே, சீற்றுக்குக் கீழே குனிந்து பார், ஏதாவது கிடந்தால் விலகி நின்று சத்தம் போடு. வருஷக்கணக்காக இதைக் கேட்டு வளர்ந்த சனத்தின் முன்னால், மூடிய பெட்டிகளால் ஒரு சுவர் கட்டி, திறந்து பார் என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

அச்சு இயந்திரத்தின் பக்கம் போனால் அங்கேயும் அதே கதை. ஒருவரும் தன் பெயரைக் கோர்க்கவில்லை. ஒரு இளைஞன் மட்டும் வந்து எழுத்துகளைத் துழாவி, தனக்குப் பிடித்த சினிமா நடிகரின் பெயரை அடித்துக்கொண்டு போனான். பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கேட்டேன், உங்கட பெயரை அடிச்சுப் பாருங்களேன் என்று. அவர் குரலைத் தாழ்த்தினார். "பேரெல்லாம் பொலிசில ஏற்கெனவே குடுத்திருக்கு மிஸ். வீட்டுல இருக்கிற எல்லாருடையதும். இங்கயும் குடுக்கணுமா?"

பெயரைப் பார்த்துத்தானே சாவடியில் மறித்தார்கள். பெயரைப் பார்த்துத்தானே ஏற்றிப் போனார்கள். அந்தப் பெயரை அழகான எழுத்தில் அடித்துக் கையில் தருகிறேன் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆலோசகருக்கு ஃபோன் எடுத்து இதைச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். "அருமை! தயக்கமும் ஒரு இன்ரக்ஷன்தான்" என்றார். என்ன சொன்னாலும் அந்த மனிதருக்குள் அது நல்ல செய்தியாகத்தான் போய் விழும்.

திறப்பு விழாவுக்குப் பிரதி அமைச்சர் ஒருவரைத் தலைவர் பிடித்திருந்தார். அமைச்சர் வருகிறார் என்றால் முதல் நாளே பாதுகாப்புச் சோதனை. ஒரு இன்ஸ்பெக்டர், சில பொலிஸ்காரர், ஒரு நாய். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது, தொந்தி, வெற்றிலை போட்ட வாய். உள்ளே வந்து லாச்சிச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மேக மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், லாச்சிகள், பார்வையாளர் திறந்து பார்ப்பதற்கு என்று.

"திறந்து பார்த்து?"

"பார்த்துவிட்டு மூடுவார்கள்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் "ஒக்கொம அரின்ன" என்றார். எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார்.

அன்று என் அருங்காட்சியகத்துக்கு நல்ல பார்வையாளர் கிடைத்தார்கள். ஒரு லாச்சி விடாமல் இழுத்தார்கள். உள்ளே இருந்ததை எடுத்து, திருப்பி, மணந்து, தட்டிப் பார்த்தார்கள். சுவர்களை முன்னும் பின்னும் தள்ளினார்கள். ஒரு பொலிஸ்காரர் கப்பிக் கயிற்றை இழுத்துத் தேயிலைப் பெட்டியை மேலே ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். இரண்டாவது தரம் ஏற்றியது பாதுகாப்புக்காக அல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாய் தலைவருடைய அப்பாவின் சாய்மனைக் கதிரையடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆலோசகர் சொன்ன அத்தனையும், தொடுவது, திறப்பது, பங்குபற்றுவது எல்லாம், துவக்கு வைத்திருந்தவர்களுக்கு இயல்பாகவே வந்தது.

போகும்போது இன்ஸ்பெக்டர் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மற்றதைத் தமிழில் சொன்னார்: "நங்கி, இந்தச் சுவர் ஓடக்கூடாது. ஆள் பின்னால ஒளிக்கலாம். ஆணி அடிங்க. லாச்சி எல்லாம் திறந்து வைங்க. மூட வேணாம்."

லாச்சிகளை இழுத்த வாக்கிலேயே விட்டோம். சுவர்களை மட்டும் தரையோடு ஆணி அடிக்க நான் விடவில்லை. சில்லுகளுக்குக் கட்டை பூட்டி, ஆணி அடித்தாயிற்று என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கக்கூடிய உடம்புக்காரரல்ல.

பிரதி அமைச்சர் வரவில்லை. அன்று காலை நகரத்தில் வேறெங்கோ ஏதோ நடந்து வீதிகளை மூடிவிட்டார்கள். தலைவரே நாடா வெட்டினார். அவருடைய பேச்சில் கொட்டாஞ்சேனையின் சரித்திரம் அப்பாவோடு தொடங்கி, அப்பாவோடு வளர்ந்து, மகனிடம் வந்து நின்றது. லாச்சிகளெல்லாம் வாய் பிளந்து நிற்க, சனம் கைகளைப் பின்னால் கட்டியபடி சுற்றிப் பார்த்து, பணிஸும் பிளேன் டீயும் வாங்கிக்கொண்டு போனது.

அடுத்த வாரங்களில் வந்தவர்கள் மிகக் குறைவு. கதவைத் திறந்து வைக்கச் சம்பளத்துக்கு ஆள் போடத் தலைவர் விரும்பவில்லை. ரிசப்ஷனுக்கும் ஒருவரும் கேட்கவில்லை. யுத்த காலத்தில் கலியாணம் வைக்கிறவர்கள் பெரிய ஹோட்டலில் வைப்பார்கள், அல்லது வீட்டுக்குள் ரகசியமாக வைப்பார்கள். வேலை கிடைக்காத நாட்களில் நானே போய்த் திறந்துவைத்து, வரைபடங்களை அங்கேயே விரித்துக்கொண்டு இருப்பேன்.

அப்படி ஒரு காலை நான் போனபோது தெருவே மாறியிருந்தது. விடியப்புறம் சுற்றிவளைப்பு நடந்திருந்தது. லொட்ஜுகளில் இருந்த வடக்கு, கிழக்கு ஆட்களை, பெரும்பாலும் பெடியன்களை, ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் மண்டபத்துக்கு எதிர்ச் சந்தியில் ஒரு பழைய களஞ்சியம் இருந்தது. விசாரிப்பதற்காக அவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அதன் கேற்றுக்கு முன்னால் தாய்மார் நின்றார்கள். சிலர் கையில் சொப்பிங் பையில் பிள்ளையின் சேட்டும் துவாயும். கேற்றடியில் நிற்கவிடாமல் பொலிஸ் துரத்த, வெயிலில் தெருவோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

நான் கதவை அகலத் திறந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கதவு திறந்ததும் ஒரு அம்மா நேரே உள்ளே வந்தார். மன்னார்ப் பக்கத்தவர், வெள்ளைச்சேலை, வெயிலில் கறுத்த முகம்.

"பிள்ளை, இது என்ன இடம்?"

"மியூசியம், அம்மா."

"செத்த ஆக்களின்ர சாமானோ?"

"அப்பிடியும் சொல்லலாம்."

"கொஞ்சம் இருக்கலாமோ?"

"இருங்கோ."

அவர் வாங்கில் இருந்தார். எழுந்தார். "இந்தத் தட்டி கேற்றை மறைக்குது. கொஞ்சம் நகர்த்தேலுமோ?" என்றார். நான் கட்டையைக் கழற்றிச் சுவரைத் தள்ளினேன். கதவு வழியாகக் கேற் நேரே தெரிந்தது. அவர் வெளியே போய் மற்றப் பெண்களையும் கூட்டிவந்தார்.

அன்றிலிருந்து அவர்கள் தினமும் வந்தார்கள். காலையில் வந்து, பின்னேரம் வரை இருந்து, கேற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யாராவது வெளியே வந்தால் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போவார்கள். தன் பிள்ளை இல்லையென்று கண்டதும் திரும்பி வந்து இருப்பார்கள். வாய் பிளந்த லாச்சிகளுக்குள் தண்ணீர்ப் போத்தலும் பாண் பார்சலும் மருந்துக் குளிசையும் வைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்திக்கு இரண்டு சுவர்களை மூலையில் சேர்த்து மறைப்பு செய்து கொடுத்தோம், பால் கொடுக்க. கப்பிக் கயிற்றில் ஈரத்துணி காய்ந்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேவைக்கேற்பச் சுவர்களை அவர்களே தள்ளிக்கொண்டார்கள்.

மன்னார் அம்மா மட்டும் ஒருநாள் சாமான்களைச் சுற்றிப் பார்த்தார். தலைவருடைய அப்பாவின் ஆளுயரப் படத்தின் முன் நின்று, "இவர் ஆர்?" என்றார்.

"தலைவருடைய தகப்பன்."

"என்ன செய்தவர்?"

நான் யோசித்தேன். "கவர்னர் வீட்டில சாப்பிட்டவர்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதுக்கு இவ்வளவு பெரிய படமோ?"

தலைவருக்குச் செய்தி போய்விட்டது. காரில் வந்து இறங்கினார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது? மியூசியமா, பஸ் ஸ்டாண்டா?"

பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டால் அவர் கதவைப் பூட்டிவிடுவார் என்பதும் தெரிந்தது. ஆகவே சிரித்தேன்.

"இதுதான் இன்ரக்டிவ், தலைவர்."

"என்ன?"

"ஆலோசகர் கேட்டது இதைத்தானே. சனம் சும்மா பார்த்திட்டுப் போகக்கூடாது, தொடவேணும், பங்குபற்ற வேணும் எண்டவர். பாருங்கோ, லாச்சியெல்லாம் பாவிக்கினம். சுவரெல்லாம் நகர்த்தினம். லண்டனிலகூட இப்பிடி நடக்காது."

அவர் மறுபடி பார்த்தார். அதே பெண்கள், அதே ஈரத்துணி. ஆனால் இப்போது அவர் முகம் வேறு. "அப்படியா? அப்ப போட்டோ எடுத்து அனுப்பலாமே."

அடுத்த நாள் ஒரு ஸ்ரூடியோக்காரரைக் கூட்டிவந்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே இருக்க, தங்கள் முகம் படத்தில் வர எந்தத் தாய் சம்மதிப்பாள்? கமெராவைக் கண்டதும் அத்தனை பேரும் சேலைத்தலைப்பை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்கள். படத்தில் முதுகுகள்தான் விழுந்தன. தலைவர் அதையே அனுப்பினார். ஆலோசகர் ஃபோன் எடுத்தார். பார்வையாளர் காட்சிப்பொருள்களில் எவ்வளவு மூழ்கிப்போயிருக்கிறார்கள், கமெரா பக்கமே திரும்பவில்லையே, தனக்குக் கண் கலங்கிவிட்டது என்றார். அவர்கள் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். பிறகு "அதை ரிப்போர்ட்டில போடத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்" என்றார்.

இந்த ஏற்பாடு சில வாரங்கள் ஓடியது. பிறகு தொந்தி இன்ஸ்பெக்டர் வந்தார். விசாரணை நடக்கிற இடத்துக்கு முன்னால் கூட்டம் கூடக்கூடாது என்றார். கத்தவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டவர்போலத்தான் சொன்னார். "நங்கி, மேல இருந்து சொல்றாங்க." தலைவருக்கு அது போதும். இன்ஸ்பெக்டர் சந்தி தாண்டுமுன்னே பூட்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டார். "நமக்கு எதுக்கும்மா வம்பு? சரித்திரம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

"அப்ப இந்த அம்மாமார் எங்க போறது?"

"அது நம்ம வேலை இல்லம்மா."

தெருவின் அந்தப் பக்கம் ஒரு தேவாலயம் இருந்தது. அதன் வளவில் வேப்பமர நிழல் உண்டு. மதிலுக்கு மேலால் கேற்றும் தெரியும். நான் போய் பாதரைக் கேட்டேன். "இருக்கட்டும். ஆனா இருக்க ஒண்டும் இல்லையே" என்றார். திரும்பி வந்து பெண்களிடம் வாங்குகளைத் தூக்குங்கோ என்றேன். ஒரு வாங்குக்கு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், காவல் நின்ற பொலிஸ்காரருக்கு முன்னால் தெருவைக் கடந்தோம். தலைவர் வாசலில் நின்று "அது மியூசியச் சொத்து! சபைச் சொத்து!" என்று கத்தினார். தெருவில் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. மண்டபத்துக்குள் ஒருபோதும் வராத சனம்.

அதற்குப் பிறகு தலைவர் என்னோடு கதைக்கவில்லை. மண்டபத்தை ரியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விட்டார். சில்லுச் சுவர்கள் வகுப்புகளைப் பிரிக்க நன்றாகப் பயன்பட்டன என்று கேள்விப்பட்டேன். ஆலோசகர் என் வேலையைப் பற்றி ஏதோ மாநாட்டில் பேசினாராம். என்னை யாரும் கூப்பிடவில்லை. அக்கா ஒரு வாரம் முழுக்க "நான் சொன்னனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுபடி சேலைக் கடைகளுக்குப் போனேன்.

ஆனால் நேரம் கிடைத்தபோதெல்லாம் தேவாலய வளவுக்கும் போய்வந்தேன். மன்னார் அம்மாவின் மகன் வெளியே வந்த பின்னேரம் நானும் அங்கே இருந்தேன். கேற் திறந்து, மெலிந்த ஒரு பெடியன், ஒரு கண் வீங்கி, செருப்பில்லாமல் வந்தான். அம்மா ஓடவில்லை, அழவில்லை. வாங்கிலிருந்து எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, நடந்து போய் அவன் முன்னால் நின்றார்.

"ஐசியைக் கையில வைச்சிரு, கையில வைச்சிரு எண்டு எத்தனை தரம் சொன்னனான்? கேட்டியோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் கொண்டுவந்த செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் கீழே போட்டார். அவனால் ஒன்றைப் போட முடியவில்லை. அவர் குனிந்து போட்டுவிட்டு, இன்னும் பேசிக்கொண்டே, அவனை ஓட்டோவில் ஏற்றினார்.